மரம், டேங்க், கொடி

எங்கள் வீட்டு வரிசையில் காலையில் பின்கதவைத் திறப்பது ஒரு வேலை. கீழே கோயம்புத்தூரில் இருப்பவர்கள் தாழ்ப்பாளை இழுத்துவிட்டுக் கொட்டாவி விட்டபடியே வெளியே போய்விடுவார்கள். குன்னூரில் எங்கள் பக்கம் அப்படிப் போனால் எதிரில் காட்டெருமை நிற்கும், நாங்கள் சுருக்கமாக மாடு என்போம். அது வேண்டுமென்று வந்து நிற்பதில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே புல் மேய்ந்துகொண்டே வரும், வந்த இடத்தில் வீடு இருந்தால் அது அதன் குற்றமா? நாம் திடீரென்று போய் முன்னால் நின்றால்தான் வம்பு. மேல் வரிசையில் ஒருவர் அப்படிப் போய் நின்று விலாவில் குத்து வாங்கி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்.

அதனால் இங்கே எல்லா வீட்டிலும் ஒரு முறை உண்டு. முதலில் வெளி லைட்டைப் போட வேண்டும். சமையலறை ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் நாலு தட்டுத் தட்ட வேண்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் தாழ்ப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில், இதென்ன விடிந்தால் வீட்டுக்கு வீடு பூசை மணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் என் கையும் தானாகத் தட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டது.

இதை எங்கள் நங்கைக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கணவரின் அக்காவை எங்கள் கொங்குப் பக்கத்தில் நங்கை என்போம். எனக்கு வாய்த்த நங்கை அடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர்தான். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காய்கறிக் கடை வைத்து, ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்தவர். கேரட்டைத் தரம் பிரித்த அதே கண்ணால்தான் என்னையும் பார்த்தார். நான் அரிசி களைவது சரியில்லை, கோலம் கோணல், ஸ்வெட்டரைக் காயப்போடும் விதம் தப்பு. நானும் சும்மா இருக்கவில்லை, பேச்சுக்குப் பேச்சு கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக எங்கள் சண்டை இருபது வருஷத்துக்கு மேல் சிறப்பாக நடந்தது. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை. எங்கள் குரல் உயர்ந்தால் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்.

ஒரு தை மாதம் உறைபனி கடுமையாக இருந்தது. விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். குளிர் தாங்காமல் நங்கை கரிச்சட்டியில் கங்கு போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய துணியும் திணித்துப் படுத்துவிட்டார். மூடின அறைக்குள் கரி எரிந்தால் காற்றே விஷமாகிவிடும் என்பது மலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்துக்குக் குளிர்காலம் யாராவது இப்படிப் படுத்து எழுந்திருக்காமல் போகிறார்கள். நங்கையே கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லி எச்சரித்தவர்தான். ஆனால் குளிர் எலும்பைத் தொட்டுவிட்டால் தெரிந்தது எங்கே நினைவுக்கு வருகிறது? காலையில் அந்தப் பக்கத்தில் தட்டுச் சத்தம் கேட்கவில்லையே என்றுதான் நான் போய்ப் பார்த்தேன்.

உயிர் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நங்கைக்குப் புதிதாக எதுவும் மனசில் ஒட்டவில்லை. பழசு ஓரளவு இருந்தது. கடை இருந்தது, தம்பி இருந்தான், மகன் பள்ளிக்கூடம் போன காலம் இருந்தது. என்னையும் தெரிந்தது, அல்லது தெரிந்த மாதிரி இருந்தது, "அம்மணி" என்று கூப்பிட்டார். ஆனால் விடிகாலையில் நடந்தது பத்து நிமிஷம் கழித்து இருக்காது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "ஏனம்மணி, இன்னும் சோறாகலியா?" என்று கேட்பார். அதைவிடக் கஷ்டம், வேலைகளின் வரிசை கலைந்துபோனது. அடுப்பைப் பற்றவைக்கக் கை தயாராக இருக்கும். கேஸைத் திறப்பது முன்னாலா பின்னாலா என்பது இருக்காது. ஒருநாள் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கொக்கி மாட்ட முடியாமல் என்னைக் கோபித்துக்கொண்டார், நான் துணியைத் துவைத்துச் சுருக்கிவிட்டேனாம்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "ஞாபகம் இருக்கான்னு கேக்காதீங்க. யோசிச்சுப் பாருங்கன்னு சொல்லாதீங்க. அவங்களை ஊகிக்க விடாதீங்க. தப்பா ஊகிச்சா அந்தத் தப்பு ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செஞ்சு காட்டுங்க, கூடவே செய்ய வைங்க. கொஞ்சம் கொஞ்சமா நீங்க பின்னால வந்துடுங்க. நடந்ததை ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. ஆனா பழக்கம் வேற வழியா உள்ள போகும்."

ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாளிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். டீ போடும்போது நான் போன் பேசப் போன நேரத்தில் நங்கை உப்பு டப்பாவை எடுத்துப் போட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு நாள்தோறும் கை நேராக உப்பு டப்பாவுக்குத்தான் போனது. நல்லது ஒட்ட மாசக்கணக்காகும், கெட்டது ஒட்ட ஒரு நொடி போதும் போல. கடைசியில் உப்பை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். சமைக்கும் நேரத்தில் கிண்ணத்தோடு போவேன்.

டீயில் எனக்கு ஒரு சபலம் வந்தது. நங்கை டீ என்றால் இஞ்சியை அரை விரல் தட்டிப் போட்டு, தூளைக் கொதிக்கவைத்து, நாக்கைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஃபேக்டரியிலிருந்து வரும் நல்ல தூளை இப்படிப் பாழாக்குகிறாரே என்று எனக்கு இருபது வருஷ வயிற்றெரிச்சல். இப்போது நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேனோ அப்படித்தான் போடப் போகிறார், ஆயுசுக்கும். இஞ்சியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே தட்டிப் போட்டேன். எதிர்க்கட்சியின் சட்டத்தை நானே அமல்படுத்திய கதை. சித்திரை முடியும்போது அவர் டீயை அவர் மாதிரியே போட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் டீ என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து வந்துபோனான். நல்ல பையன். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வீடு ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

"அம்மா, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்று அவன் சொன்னால் நங்கைக்கு முகம் மாறிவிடும். "இது ஆரு ஊடு சாமி? எதுக்கு நான் அங்க வரோணும்?" என்று கேட்டு அழுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துபோவார். அவன் மறுபடி சொன்னால் முதல் தடவை கேட்கிற மாதிரி, அதே அதிர்ச்சி, அதே அழுகை. ஒரே நாளில் ஒரு மனுஷிக்கு எத்தனை தடவைதான் வீடு போகும்? இனி அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன்.

அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. "அத்தை, அடுப்பு, டீ, குளியல் எல்லாம் நீங்க பழக்கிட்டீங்க. பகல்ல ஆள் இருக்காங்க. விடியால அம்மா பின்கதவைத் தொறந்துட்டுப் போனா? மாடு நின்னா? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

அவன் கேட்டது நியாயம். கக்கூஸ், தண்ணீர்க் குழாய், துணிக்கொடி எல்லாம் பின்முற்றத்தில். நங்கை எழுந்த கையோடு வெளியே போகிறவர். உள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டலாமா என்றும் பார்த்தோம். கட்டினாலும் அறுபது வயசுப் பழக்கம் அவரை வெளியேதான் இழுக்கும் என்று தெரிந்தது. பகலில் கீழ் வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து துணைக்கு இருப்பாள். இரவில் என் வீட்டுக்காரர் அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு நைட் ஷிஃப்ட் திரும்ப ஆரம்பிக்கப் போகிறது. எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை, விடியலில் என் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும்.

"தீபாவளி வரைக்கும் பாக்கலாம் அத்தை. அம்மா தனியா அந்தக் கதவைச் சரியாத் தொறந்தாங்கன்னா இங்கியே இருக்கட்டும். இல்லீன்னா நான் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றான் மகன். நான் சரி என்றேன். சொன்ன கையோடு காலண்டரில் தீபாவளிக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன், போதாது என்று தோன்றியது.

ஏன் அப்படி நாள் எண்ணினேன் என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். சண்டைக்காரி ஒருத்தி போனால் நிம்மதி என்றுதானே இருக்க வேண்டும். ஆனால் அந்த வீடு பூட்டிக் கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கோலம் கோணல் என்று சொல்ல இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு நங்கை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவ்வளவுதான் காரணம்.

கதவுப் பாடம் தொடங்கியது. தினமும் விடிந்ததும் போய் நங்கையின் வலப்பக்கம் நிற்பேன். லைட், இடப்பக்கம், வலப்பக்கம், தட்டு, பொறுத்தல், மறுபடி பார்த்தல். நானும் நின்று பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் "போலாங்க நங்கை" என்பேன். அவர் தாழ்ப்பாளை இழுப்பார். மாடு நின்றால் "கொஞ்சம் பொறுங்க" என்பேன். டாக்டர் சொன்ன மாதிரி ஒரு தப்பு நடக்கவிடவில்லை. ஆடியில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அந்தக் கடைசி "போலாங்க" தவிர நங்கைக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை தானாக லைட்டுக்குப் போனது, தலை தானாகத் திரும்பியது. தட்டுத் தட்டுவதில் பழைய அதிகாரம் கூட வந்துவிட்டது. நான் என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு காலையில் முற்றத்தில் நிஜமாகவே மாடு நின்றது. டேங்கை ஒட்டி, ஈரக் கருப்பில், ஒரு சின்ன லாரி அளவுக்கு. நான் வேண்டுமென்றே பேசாமல் நின்றேன். நங்கை லைட்டைப் போட்டார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், நேராக மாட்டைப் பார்த்தார். தட்டைத் தட்டினார். பொறுத்தார். மறுபடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "போலாமா அம்மணி?" என்றார்.

நான் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் பார்க்கவே இல்லை. பார்ப்பது மாதிரித் தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். சாமி கும்பிடும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது போல இது ஒரு சடங்கு. மாட்டைப் பார்க்கிற வேலை என் வேலை, "போலாங்க" என்று சொல்வது என் வேலை. இந்த மாசங்களில் அவர் கற்றுக்கொண்ட கதவில் நானும் ஒரு தாழ்ப்பாளாக இருந்தேன். நான் இல்லாத காலையில், ஒன்று திறக்கவே மாட்டார், இல்லையென்றால் சுவருக்கு அப்பால் நான் யாரிடமோ போனில் "போலாங்க" என்றால் திறந்துகொண்டு மாட்டின் மேலேயே போய் முட்டுவார்.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம். அட்டெண்டன்ஸ் பேப்பர் கேட்க வந்த டீச்சரிடம் எரிந்து விழுந்தேன். மாடு நிற்கிறதா என்று கேட்கக் கூடாது, கேட்டால் ஊகிப்பார். நிற்கிறது என்று நானே சொல்லவும் கூடாது, சொன்னால் அது என் கண். ஒருவரைப் பார்க்கவைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் நங்கை வீட்டு ஜன்னலில் போய் நானே நின்று பார்த்தேன். அந்தக் கட்டத்துக்குள் என்ன தெரிகிறது? இடப்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம். நடுவில் கருப்புத் தண்ணீர் டேங்க். வலப்பக்கம் துணிக்கொடி. அதற்கப்பால் தேயிலை. எந்நாளும் இவை மட்டும்தான்.

மறுநாளிலிருந்து பாடத்தை மாற்றினேன். பார்ப்பதை வாயால் சொல்ல வேண்டும். "மரம்" என்பேன், விரலை நீட்டி. நங்கையும் விரலை நீட்டி "மரம்" என்பார். "டேங்க்." "டேங்கு." "கொடி." "கொடி." அதன் பிறகு நான் "அவ்ளதான்" என்பேன், அவரும் "அவ்ளதான்" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள். "போலாங்க" என்ற என் வார்த்தையை அடியோடு நிறுத்திவிட்டேன். முதல் சில நாள் அவர் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். என்னை ஊமையாக்கின முதல் ஆள் நங்கைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

இது வேலை செய்கிறதா என்று என் பாவாடைதான் முதலில் காட்டியது. நங்கையின் கொடியில் காயப்போட்ட என் துணிகளை முந்தின நாள் மழைக்கு அவசரமாக எடுத்தபோது அதை விட்டுவிட்டேன். நங்கை விரலை நீட்டி, "மரம். டேங்கு. கொடி." கொஞ்சம் நிறுத்தி, "பாவாடை" என்றார். தாழ்ப்பாள் பக்கம் போகவில்லை. பாவாடையைப் பார்த்துத் தட்டைத் தட்டினார். மறுபடி பார்த்தார். "மரம். டேங்கு. கொடி. பாவாடை." மறுபடி தட்டு. அது போகிற வழியாக இல்லை. நான் முன்வாசல் வழியாகச் சுற்றி ஓடிப்போய்ப் பாவாடையை உருவிக்கொண்டு சுவருக்கு அப்பால் வந்த பிறகுதான் உள்ளேயிருந்து "அவ்ளதான்" கேட்டது. ஈரப் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமே நின்று சிரித்தேன். அவர் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லாத ஒன்றை அவர் கண் பார்த்து, அவர் வாய் சொல்லியிருக்கிறது.

புரட்டாசியில் "மாடு" என்ற வார்த்தையும் வந்தது. நான் வழக்கம்போல அவர் வலப்பக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "மரம். டேங்கு. கொடி. மாடு." தட்டினார். அது அசையவில்லை. இன்னும் இரண்டு முறை சொல்லி இரண்டு முறை தட்டினார். கடைசியில் அது பெருமூச்சு விட்டுத் தேயிலைக்குள் இறங்கியது. "அவ்ளதான்" என்று சொல்லிவிட்டு, நாள்தோறும் நடக்கிற விஷயம் போல வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். 

அதன் பிறகு டாக்டர் சொன்னபடி பின்னால் வர ஆரம்பித்தேன். முன்னறைக்குள், பிறகு வாசற்படியில், பிறகு என் வீட்டுச் சுவரோரம் காதை வைத்துக்கொண்டு. வலப்பக்கம் யாரும் இல்லாமல் முதல் நாள் அவர் கொஞ்சம் தடுமாறினார். மறுநாள் இல்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்காக மகன் சனிக்கிழமையே வந்துவிட்டான். ஒரு பெரிய பையும் கொண்டுவந்திருந்தான், அம்மாவின் துணிகளை எடுத்துப் போக. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தேன் என்றான். அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஏற்பாடு இதுதான். விடியலில் அவன் முன்னறையில் சத்தம் காட்டாமல் இருப்பான். நான் என் வீட்டில் இருக்க வேண்டும். நங்கைக்கு உதவியாக ஒரு இருமல்கூட இருமக் கூடாது.

நான் எப்படி வீட்டில் இருப்பேன்? விழித்ததிலிருந்து ஒரே பயம். சரியாக இன்றைக்குப் பார்த்து மாடு வந்து நின்றால்? நங்கை "மாடு" என்று சொல்ல மறந்தால்? பையை மகன் திறக்கிற காட்சி கண்முன் வந்துவிட்டது. அந்த முற்றம் காலியாக இருக்கிறதா என்று நானே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிட்டால் நெஞ்சு அடங்கும். வீட்டுக்காரரின் ஜெர்க்கினைப் போட்டுத் தலைக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, எங்கள் பின்வாசலில் என் தட்டைக்கூடத் தட்டாமல் பார்த்துவிட்டு மட்டும் இறங்கினேன். சுவர் முடிகிற இடத்தில் திரும்பி நங்கையின் முற்றத்துக்குள் போனேன். மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கியிருந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், தேயிலைக்குள் எட்டிப் பார்த்தேன். மாடு இல்லை. திரும்பி டேங்க் பக்கம் வந்தபோது என் மேல் பளீரென்று லைட் விழுந்தது.

நங்கை எழுந்துவிட்டார். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. ஓடினால் சத்தம் கேட்கும், நின்றால் தெரியும். நான் நின்றுவிட்டேன். சரி, என்னைப் பார்த்து "ஏனம்மணி, அங்க என்ன பண்றே?" என்று கேட்பார், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

விரல் நீண்டது. "மரம்" என்றார். "டேங்கு. கொடி." விரல் என் மேல் வந்து நின்றது. "பொம்பள."

சால்வையை இறக்கி முகத்தைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, காட்டியிருக்கவே கூடாது. ஆனால் கை தானாகச் செய்துவிட்டது. அவர் என்னை நன்றாகவே பார்த்தார். தட்டை எடுத்துத் தட்டினார், என்னைப் பார்த்து. பழைய அதிகாரத்தோடு. பொறுத்தார். மறுபடி விரல். "மரம். டேங்கு. கொடி. பொம்பள." மறுபடி தட்டு. தாழ்ப்பாள் பக்கம் கை போகவே இல்லை.

அவர் வலப்பக்கம் நின்றபோது நான் அம்மணி. அந்தச் சமையலறைக்கு வெளியே, அவர் முற்றத்தில் நின்றால், நான் யாரும் இல்லை. அது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. புரிந்து, கண் நிறைந்து, பின்னாலேயே நடந்து சுவருக்கு அப்பால் போய் ஒதுங்கினேன். இத்தனை மாசமாக மாடு எப்படி ஒதுங்கிப் போகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேனோ, அதே மாதிரி.

"மரம். டேங்கு. கொடி. அவ்ளதான்."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. வாளிச் சத்தம், குழாய்ச் சத்தம், திரும்பிப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகன் முன்வாசல் வழியாகச் சுற்றி ஓடி வந்தான். சுவரோரம் அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து அவனும் அழுதான், சிரிக்கவும் செய்தான். "அத்தை, அம்மா இங்கியே இருக்கட்டும். பாத்தீங்களா, உங்களுக்கே தொறக்கல!" என்றான். அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜெர்க்கினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து முன்வாசல் வழியாக நங்கை வீட்டுக்குப் போனேன். இஞ்சி வாசனை தெருவரைக்கும் வந்தது. "வா அம்மணி" என்றார். நான் போய் வலப்பக்கம் நின்றேன். மகன் காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தான். நங்கை டீயை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கொண்ணு சொல்லோணும். விடியால ஆரோ ஒரு பொம்பள வந்து பின்னால டேங்குகிட்ட நின்னா. நான் தொறக்கவே இல்ல. தட்டைத் தட்டித் தொரத்திட்டேன்."

பையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தை மாதத்துக்குப் பிறகு நங்கைக்கு நடந்த எதுவும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை, யாரும் கேட்காமல், அவராகவே சொல்கிறார். முதன்முதலாக மனசில் ஒட்டியது அது.

"நீயும் சாக்கிரதையா இரு அம்மணி" என்றார் நங்கை.

"சரிங்க நங்கை" என்றேன். டீயைக் குடித்தேன்.